மேஜரின் பல்லும் சுமதியின் கொலுசும்

போன மாதம் முகாமில் புதுப் பார்சல் அறை திறந்தார்கள். பழைய ஆள் ஒருத்தராவது வரட்டும் என்று எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கண்ணாடிக் கதவு, வழவழவென்று தரை, சுவர் முழுக்கத் தட்டுகள். ஒவ்வொரு பெட்டி மேலும் கறுப்புக் கோடு போட்ட சீட்டு. கையில் பிடிக்கிற ஒரு கருவியை அதன் முன்னால் காட்டினால் ‘பீப்’ என்கிறது. யார் அனுப்பியது, யாருக்கு, உள்ளே என்ன, எல்லாம் திரையில் வந்து நிற்கிறது. அங்கே வேலை பார்க்கிற பெண் கேட்டாள்: “இதெல்லாம் இல்லாதப்ப உள்ள என்ன இருக்குதுன்னு எப்படீங்க மேடம் கண்டுபிடிச்சீங்க?”

“ஆட்டிப் பார்ப்போம் கண்ணு” என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, ரிப்பன் வெட்ட வந்த அதிகாரி கத்திரிக்கோலோடு திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். ஏன் சிரித்தேன் என்று அன்றைக்குச் சொல்ல முடியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் மறுபடி சிரிப்பு வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் செலின். ஊர் ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடை. அப்பா எஸ்டேட்டில் காபி உலர்த்தும் களத்துக்கு மேஸ்திரி. கான்வென்டில் படித்து முடித்து, தட்டச்சும் பழகிவிட்டு சும்மா இருந்தபோது, மலை மேல் இருந்த சின்ன ராணுவ முகாமுக்கு எழுத்தர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஏற்காடு ஊரைத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களுக்குள் ஒளிந்திருந்த முகாம் அது. கோயமுத்தூரில் சில வாரம் பயிற்சி. எடை போட, துணி தைக்க, அரக்கு உருக்கி முத்திரை குத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். விரலைச் சுட்டுக்கொள்ளாமல் முத்திரை குத்த மட்டும் எனக்கு ஓய்வு பெறும்வரை வரவில்லை.

எங்கள் அறைக்கு இரண்டு வேலை. முகாமில் இருக்கிற சிப்பாய்கள் ஊருக்கு அனுப்பும் சின்னப் பார்சல்களைக் கட்டிச் சேலத்துக்கு இறக்குவது ஒன்று. எல்லையில் வேலை பார்க்கும் நம் மலைப் பிள்ளைகளும் மற்றவர்களும் இங்கே உள்ள வீடுகளுக்கு அனுப்புவதை சேலம் ரயிலடியிலிருந்து ஏற்றி வந்து வீடு வீடாகச் சேர்ப்பது மற்றொன்று.

அறைக்குத் தலைவர் சுபேதார் நல்லமுத்து. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆள் ஒல்லி, மீசை மட்டும் குண்டு. பார்சலை அவர் வாங்கும் விதமே தனி. முதலில் இரண்டு கையாலும் ஏந்துவார். பிறகு டாக்டர் நெஞ்சைத் தட்டுவது போல இரண்டு விரலால் தட்டுவார். காதில் வைத்து மெல்ல ஆட்டுவார். கடைசியாக மோந்து பார்ப்பார். “நெய்யுங்களா?” என்பார். கொண்டுவந்த சிப்பாய் தலையைக் குனிந்துகொள்வான். எண்ணெய், நெய், ஊறுகாய் எதுவும் அவரைத் தாண்டிப் போனதில்லை.

கட்டி முடித்த பார்சலுக்கு ஒரு பரீட்சை உண்டு. அனுப்புகிறவனே அதைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே போட வேண்டும். போடக் கை நடுங்கினால் கட்டு சரியில்லை என்று அர்த்தம். பிரித்து மறுபடி கட்ட வேண்டியதுதான். விலாசம் எழுதியதும் அதன் மேல் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடச் சொல்வார். அந்தக் காலத்தில் ஊதாப் பென்சிலைத் தண்ணீரில் தொட்டு எழுதுவோம். நம் மலை மழையில் அது மருதாணி மாதிரி ஊறி ஓடிவிடும். மெழுகு பூசினால் நிற்கும்.

கடுமையான மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தடவை எங்கள் வெள்ளக்கடையிலிருந்தே ஒரு அம்மா கூடையில் ஒரு கோழியைக் கொண்டுவந்து, பனியில் கிடக்கிற மகனுக்கு அனுப்பணும் என்று நின்றார். உயிரோடு. சுபேதார் எழுந்து நின்று, சட்டத்தை எல்லாம் சொல்லாமல், “ஏனுங்கம்மா, வழியில அது முட்டை வெச்சுருச்சுன்னா அதுக்கு யாரு கணக்குச் சொல்றதுங்க?” என்று கேட்டார். அந்த அம்மா நிஜமாகவே யோசித்தார். பிறகு, அப்படியானால் கோழியை நீங்களே வளருங்கள், முட்டையை மட்டும் அனுப்புங்கள் என்று கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தக் கோழி எங்கள் அறைக்குப் பின்னால் ரொம்ப நாள் இருந்தது. முட்டையும் அவரைத் தாண்டிப் போகவில்லை. நாங்களே சாப்பிட்டோம்.

இன்னொரு தடவை ஒரு பஞ்சாபிச் சிப்பாய் சாக்கு நிறைய மலை ஆரஞ்சு கொண்டுவந்தான். அவன் ஊர் போய்ச் சேர்வதற்குள் அழுகிவிடும் என்று சுபேதார் மறுத்தார். அவன் கோபித்துக்கொண்டு எங்கள் அறையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்ன ஆரம்பித்தான். முடியாமல் எங்களையும் கூப்பிட்டான். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்று கட்டின பார்சல் எல்லாம் எல்லை வரைக்கும் ஆரஞ்சு வாசத்தோடு போயிருக்கும்.

இப்போது மேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகாமுக்குப் பெரியவர் மேஜர் கொட்டாரத்தில். கேரளத்துக்காரர், கொட்டாரத்தில் என்பது வீட்டுப் பெயர். நெடுநெடுவென்று உயரம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. உதடு பிரிந்தும் பிரியாமலும் பேசுவார். அந்த வாய்க்குத்தான் முகாமே நடுங்கியது. அவர் உத்தரவு போடும்போது ரகசியம் சொல்வது போல இருக்கும். அதனாலேயே எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கேட்பார்கள்.

ஒரு மழைக்காலம். டெல்லியிலிருந்து பிரிகேடியர் ஒருவர் முகாமைப் பார்வையிட வருவதாக இருந்தது. அதே வாரம் மேஜருக்கு ஜலதோஷம் என்றார்கள். எந்நேரமும் வாயில் கைக்குட்டை. உத்தரவெல்லாம் கைச்சாடைதான். சுபேதாரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, தனக்குச் சேலத்திலிருந்து ஒரு சின்னப் பார்சல் வரும், கேமராவுக்கு உதிரி பாகம், அதை யாரும் எக்காரணத்துக்கும் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். கைக்குட்டை வழியாகச் சொன்னதால் சுபேதாருக்கு இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்ததாம்.

அந்தப் பார்சல் வந்த அன்று நல்ல மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து கிடந்ததால் எங்கள் வண்டி குப்பனூர் வழியாகச் சுற்றி ஏறி வந்தது. தார்ப்பாய் எங்கோ கிழிந்து, சாக்கு மூட்டை தெப்பலாக நனைந்திருந்தது. பிரித்தால் மற்றவையெல்லாம் தப்பித்துவிட்டன. இரண்டு மட்டும் மாட்டிக்கொண்டன. இரண்டும் ஒரே அளவு, வெள்ளைத் துணி போட்டுத் தைத்த கையடக்கப் பெட்டிகள். இரண்டுமே வெளியே கட்டினவை, மெழுகு கிடையாது. ஊதா மை ஓடி, ஆங்கிலத்தில் ‘கொட்டா’ என்கிற வரைக்கும்தான் நின்றது. கூட வந்த பட்டியல்படி ஒன்று மேஜர் கொட்டாரத்திலுக்கு. மற்றது கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ராமசாமி வீட்டுக்கு, எல்லையிலிருந்து அவர் வருங்கால மாப்பிள்ளை அனுப்பியது. எது எது?

எடை போட்டுப் பார்க்கலாம் என்றால் துணி குடித்த தண்ணீரே பாதி எடை. விலாசம் அழிந்ததை மூன்று பேர் முன்னிலையில் பிரித்துப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறது. சுபேதார் மறுத்துவிட்டார். “எதைப் பிரிச்சாலும் அது மேஜரோடதா இருந்துட்டா என்னம்மா பண்றது?” என்றார். அதனால் ஆட்டிப் பார்த்தோம்.

ஒன்று சன்னமாகக் கிணுகிணுத்தது. மற்றது கடக் கடக் என்றது. இருவரும் மாற்றி மாற்றி ஆட்டினோம். எல்லையில் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் அக்ரூட் கொட்டைதான். அது இப்படித்தான் கடக் கடக் என்னும். கேமரா பாகம் என்றால் இரும்பு, திருகாணி, அது கிணுகிணுக்கும். இதில் சந்தேகம் என்ன? கிணுகிணுத்தது மேஜர் அறைக்குப் போயிற்று. கடக் கடக் கொட்டச்சேட்டுக்குப் போயிற்று.

மறுநாள் காலை மேஜர் அறையிலிருந்து மணி அடித்தது. எங்கள் இருவரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தச் சொல்லிக் கை காட்டினார். மேஜை மேல் பிரித்த பெட்டி. பஞ்சுக்கு நடுவில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, முத்து வைத்தது.

சுபேதார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “கேமராவுல இது எங்கீங்க சார் மாட்டறது?” என்று கேட்டார். கிண்டல் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

மேஜர் கைக்குட்டையை எடுத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. “ஃபல்லு” என்றார். எங்களுக்குப் புரியவில்லை. மறுபடி, “என்டெ ஃபல்லு” என்றார். புரிந்தபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கடலை மிட்டாய் கடித்து உடைந்த பல் செட்டைச் சேலத்துப் பல் டாக்டரிடம் அனுப்பியிருக்கிறார். இத்தனை வருடம் அது கட்டின பல் என்று முகாமில் ஒருவருக்கும் தெரியாது. நாளைக் காலையில் பிரிகேடியர். அவர் முன்னால் நின்று பேச வேண்டும். பல் கொட்டச்சேட்டில்.

சுபேதார் தேறிக்கொண்டார். தானே போய்ப் பெட்டியை மாற்றிக்கொண்டு வந்துவிடுவதாகவும், யாருடையது என்று மூச்சு விடப்போவதில்லை என்றும் சொன்னார். மேஜர் தலையாட்டுவதற்குள் மேஜை மேல் இருந்த தொலைபேசி அடித்தது. மேஜர் என்னைப் பார்த்தார். எடுத்தேன். எஸ்டேட் ஆபீசிலிருந்து ரைட்டர் ராமசாமி.

அவர் சொன்னதைச் சொன்னால்தான் விஷயம் எவ்வளவு முற்றிப் போயிருந்தது என்று தெரியும். அன்று மாலை அவர் வீட்டில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை முருகேசன் திண்டுக்கல் பக்கம். கல்யாணத்துக்குத்தான் லீவு கிடைக்கும் என்பதால் அவனைப் பெற்றவர்கள் மட்டும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பெண் வீட்டில் மாப்பிள்ளையை யாரும் நேரில் பார்த்ததில்லை. கோயமுத்தூர்ச் சித்தப்பா ஒருத்தர் பேசி முடித்த இடம். ஒரு போட்டோ மட்டும் வந்திருந்தது: தொப்பியோடு, வாயை இறுக மூடிக்கொண்டு. அந்த மூடின வாயைப் பற்றி ரைட்டருக்கு முதலிலிருந்தே ஒரு உறுத்தல். இப்போது மாப்பிள்ளை அனுப்பிய பெட்டியை உறவுக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்க நிச்சயத் தட்டில் வைத்தே பிரித்திருக்கிறார்கள். உள்ளே பல்.

“எம்பொண்ணுக்குப் பல்லு போன கெழவனைப் பார்த்துக் கட்டி வெக்கறீங்களா?” என்றார். “தவறி பல்லு செட்டைப் பெட்டிக்குள்ள போட்டுட்டான், சிக்கிட்டான். அவங்க வந்து எறங்கட்டும், இந்தப் பல்லைக் கையில குடுத்து அதே பஸ்ஸுல ஏத்தி உடறேன்.”

பார்சல் மாறிவிட்டது, அது வேறொருவருடையது என்று சொல்லிப் பார்த்தேன். ராணுவத்துக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியுமாம். “வேற ஒருத்தரோடதுன்னா அந்த ஆளைக் கொண்டாந்து காட்டுங்க” என்று வைத்துவிட்டார்.

அவர் போட்ட சத்தம் தொலைபேசிக்கு வெளியேயும் கேட்டிருந்தது. மேஜர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே மூடுபனி. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றோம். பல் எப்படியும் வந்து சேரும். சுபேதார் நாலு வார்த்தை பேசி வாங்கி வந்துவிடுவார். ஆனால் கல்யாணம்? கேமரா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால் இது மாறியே இருக்காது என்று மேஜருக்குத் தெரியும்.

திரும்பி, ஆணியில் மாட்டியிருந்த ஜீப் சாவியை எடுத்தார். டிரைவர் வேண்டாம் என்று கை காட்டினார். தானே ஓட்டினார். நான் முன்னால், மடியில் கொலுசுப் பெட்டி. சுபேதார் பின்னால். ஒவ்வொரு வளைவிலும் கொலுசு கிணுங்கும். கிணுங்கும் போதெல்லாம் சுபேதார் இருமுவார். அவருக்கு இருமல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ரைட்டர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மேஜர் உடுப்போடு இறங்கியதைப் பார்த்ததும் கூட்டம் எழுந்து நின்றது. நடுவீட்டில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள். அதற்கு நடுவே பஞ்சு மெத்தையில், குழந்தைகள் தொடாமலிருக்க ஒரு பித்தளை வடிதட்டைக் கவிழ்த்து மூடி, மேஜரின் பல். வடிதட்டின் ஓட்டை வழியாக அது எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

சுபேதார் பேச வாயெடுத்தார். மேஜர் அவர் தோளில் கை வைத்துத் தடுத்தார். ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டும் என்று சாடை காட்டினார். ஒரு பெண் கொண்டுவந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அதுதான் சுமதி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேஜர் வடிதட்டை எடுத்தார். பல்லை எடுத்து முற்றத்து ஓரத்தில் நின்று அலம்பினார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று தலையை ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தார். பிறகு திரும்பினார்.

கன்னம் நிறைந்து, தாடை நிமிர்ந்து, பத்து வயது குறைந்த ஒரு மனிதர் அங்கே நின்றார்.

“இது என்டெ பல்லாணு” என்றார் கணீரென்று. பிறகு தமிழில், “உங்க மாப்பிள்ளையுடையது இது” என்று என் கையிலிருந்த பெட்டியைக் காட்டினார். நான் கொலுசை எடுத்துச் சுமதி கையில் வைத்தேன்.

சுமதி கொலுசைப் பார்த்தாள். மேஜர் வாயைப் பார்த்தாள். அழுத முகத்தோடேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்ததும் ஒரு அத்தை சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது. நான் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பு எல்லாம் அங்கே கொட்டிப் போயிற்று. மேஜர் முகம் சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரும் சிரித்தார். வாய் திறந்து, பல் முழுக்கத் தெரிய. சுபேதார் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

ரைட்டர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. மேஜரை உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, மரியாதையாக, ஆனால் விடாமல் கேட்டார். “இது உங்க பல்லுன்னு ஒத்துக்கறனுங்க. மாப்பிள்ளை வாயில இருக்கறது சொந்தப் பல்லுதான்னு யாருங்க சொல்றது? பெத்தவங்க இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க.”

நியாயமான கேள்விதான். மேஜர் காபியைக் குடித்து முடித்தார். “நாளைக்கு உங்களுக்குச் சொல்றேன்” என்றார். அதுவரை வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது, நிச்சயத்தை ஒரு நாள் தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வண்டி பழுதானதில் பெற்றவர்களும் தாமதமாகத்தான் வந்தார்களாம். தள்ளி வைத்தது அவர்களுக்கு வசதியாகவே போயிற்று.

முகாமுக்குத் திரும்பியதும் கம்பியில்லாத் தந்தியில் ஒரு செய்தி போயிற்று. எங்கள் முகாமிலிருந்து பெங்களூருக்கு, அங்கிருந்து டெல்லிக்கு, அங்கிருந்து எல்லையில் முருகேசன் இருந்த முகாமுக்கு. ‘மேற்படி சிப்பாயின் பற்களை எண்ணித் தெரிவிக்கவும். அவசரம்.’ எதற்கு என்று அதில் இல்லை.

மறுநாள் பிரிகேடியர் வந்தார். மேஜர் அவர் முன்னால் பேசிய பேச்சை முகாம் மறக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் மணி மாதிரி விழுந்தது. முடிக்கவே மனசில்லாமல் நீட்டிக்கொண்டே போனார். மழை விட்டு அடித்த வெயிலில் நின்ற இரண்டு சிப்பாய்கள் மயங்கி விழும் நிலைக்கு வந்தார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் செய்தி வந்துவிட்டது. நான்தான் வாங்கினேன். மேஜர் பார்த்துவிட்டு என்னையே கொண்டுபோகச் சொன்னார்.

கொட்டச்சேட்டில் பந்தல் அப்படியே இருந்தது. மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம். நடுவில் நின்று, நான் வேதம் வாசிப்பது போல வாசித்தேன். ‘பற்கள் இருபத்தெட்டு. அனைத்தும் சொந்தம். நல்ல நிலை. ஞானப் பற்கள் இன்னும் முளைக்கவில்லை.’

ரைட்டர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். முப்பத்திரண்டுக்கு நாலு குறைகிறது. முகம் மறுபடி சுருங்கியது.

“ஞானப்பல்லு இன்னும் மொளைக்கலீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

அது சின்ன வயசு என்பதற்கு அடையாளம், கிழவனாக இருந்தால் எப்போதோ முளைத்திருக்கும் என்று நான் விளக்கினேன். அவர் அப்போதும் இழுத்தார். சமையல்கட்டு நிலையில் நின்றுகொண்டிருந்த சுமதி மெதுவாகச் சொன்னாள்:

“அது கல்யாணத்துக்கப்பறம் தானா மொளைச்சுக்குமுங்க அப்பா.”

ரைட்டர் தாம்பாளத்தைக் கையில் எடுத்தார். தட்டு மாற்றிக்கொண்டார்கள். கொலுசு காலில் ஏறியது.

கல்யாணம் தை மாதம் குப்பனூரில் நடந்தது. முகாமே ஜீப்பிலும் லாரியிலும் இறங்கிப் போனோம். மேஜர் முதல் பந்தியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, சீடையைக் கடித்து உடைத்துச் சாப்பிட்டார். மாப்பிள்ளை முருகேசன் நல்ல பையன், களையான முகம். வாயை மூடவே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். தாலி கட்டி முடிந்து, போட்டோ எடுக்கிற இடைவெளியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அவனுக்கு மண்டையைக் குடைகிற ஒரு விஷயம் இருந்ததாம்.

“அக்கா, நீங்க பார்சல் ஆபீஸ்ல இருக்கீங்கன்னு சொன்னாங்க. ஒருநாள் நான் காவலுக்கு நின்னுட்டிருக்கேன். டாக்டர் ஓடி வர்றாரு, பின்னாடியே எங்க கேப்டன் ஓடி வர்றாரு. டெல்லியில இருந்து உத்தரவு, வாயைத் தொறடாங்கறாங்க. பனியில நிக்க வெச்சு ஒவ்வொண்ணா எண்ணிட்டு ஓடிட்டாங்க. அன்னைக்கிலேருந்து எதுக்குன்னு கேட்டுட்டிருக்கேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நாட்டுல எதுனா பிரச்சனையாக்கா?”

பக்கத்தில் சுமதி மாலையும் கழுத்துமாகத் தலையைக் குனிந்து நின்றாள். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாள் என்று நினைத்து முருகேசன் பதறிப்போய்த் தன் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

“ஒண்ணுமில்லீங்க தம்பி” என்றேன். “தீர்ந்துபோச்சு.”